புள்ளலூர் போர்க்களம்: சென்னையிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா?

வேளச்சேரி அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்தில் மைசூர்ப் போர்கள் வந்தபோது பொள்ளிலூர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கர்நாடகத்தில் எங்காவது இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தால் அது நம் காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கும் புள்ளலூர். 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒன்றை மொத்தமாக முடித்துக்கட்டிய இடம். பட்டுப்புடவை எடுக்க, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று எத்தனையோ தடவை காஞ்சிபுரம் போயிருக்கிறோம், ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார், 71 வயது, முழங்கால் வலி உண்டு, நிறைய நடக்க முடியாது. சொந்தக் கார் இருக்கிறது. அங்கே பார்க்க உண்மையில் என்ன இருக்கிறது? காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப முடியுமா? எந்த மாதம் நல்லது? இல்லை, கம்பெனியும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்ட வந்தவாசிக்கே போய்விடலாமா? வெறும் வயலைப் பார்த்துவிட்டுப் பிள்ளை சலித்துப்போய்த் திரும்பினால் இனி வரலாறு என்றாலே ஓடிவிடுவாளோ என்றுதான் யோசனை.

பழைய பாதை:

நான் மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஏமாற்றம்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து நேராகப் போனேன், ஊரை அடைந்தேன், இரண்டு நினைவுத் தூண்களைப் பார்த்தேன், படம் எடுத்தேன், அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். சுற்றிலும் நெல்வயலும் பனைமரமும்தான், கோட்டை இல்லை, அருங்காட்சியகம் இல்லை. வரைபடத்தில் தேடும்போது புள்ளலூர் என்றே தேடுங்கள், பொள்ளிலூர் என்பது வெள்ளைக்காரன் வாயில் அந்தப் பெயர் திரிந்த விதம்.

இரண்டாவது தடவை போகும் திசையை மாற்றினேன், அதற்கப்புறம்தான் அந்த மண் பேச ஆரம்பித்தது. நீங்களும் காஞ்சிபுரத்திலிருந்து புள்ளலூருக்குப் போகாதீர்கள். அங்கே தோற்ற கம்பெனிப் படையின் தலைவர் கர்னல் வில்லியம் பெய்லி வந்த பக்கமிருந்து, அதாவது திருவள்ளூர், பேரம்பாக்கம் வழியாகப் புள்ளலூருக்கு வந்து, அங்கிருந்து காஞ்சிபுரத்துக்குப் போங்கள். பெய்லி நடந்த அதே தடம்தான் இன்றைய தார்ச்சாலை என்று சொல்ல வரவில்லை, திசை அதுதான்.

காரணம் என்னவென்றால், இந்தப் போர் முழுக்க முழுக்கத் தூரம் பற்றியது. ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு மலை இறங்கி வந்துவிட்டார். கம்பெனியின் பெரிய படை ஹெக்டர் மன்றோவிடம் இருந்தது, 1764-இல் பக்சாரில் ஜெயித்த அதே மன்றோ. பெய்லி குண்டூர்ப் பக்கமிருந்து இன்னொரு படையோடு வந்துகொண்டிருந்தார். இரண்டும் காஞ்சிபுரத்தில் சேர வேண்டும், ஹைதர் சேரவிடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பெய்லி ஆகஸ்ட் 25-ஆம் தேதி கொசஸ்தலை ஆற்றுக்கு வந்தபோது தண்ணீர் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கே கடக்காமல் வடகரையில் முகாம் போட்டார். இரவோடு இரவாக ஆறு பெருகிவிட்டது. செப்டம்பர் 3 வரைக்கும் அக்கரை போக முடியவில்லை. ஒரே ஒரு இரவு. திருவள்ளூர்ப் பக்கம் அந்த ஆற்றைப் பார்க்கும்போது இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். வெயில் காலத்தில் மணல்தான் தெரியும், அதனால் நம்பவே மாட்டாள்.

அடுத்து பேரம்பாக்கம். செப்டம்பர் 6-ஆம் தேதி திப்பு அங்கே பெய்லியைத் தாக்கினார், பெய்லி தாக்குப்பிடித்துவிட்டார், ஆனால் நகர முடியவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ தன் படையை அப்படியே கூட்டிக்கொண்டு போகாமல், கர்னல் பிளெட்சர் தலைமையில் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். பிளெட்சர் சுற்று வழியாகப் போய் 9-ஆம் தேதி பெய்லியோடு சேர்ந்தார். இப்போது மொத்தம் ஏறத்தாழ 3,800 பேர். அன்று இரவே கிளம்பிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். அப்புறம் பெய்லி, விடியும்வரை இங்கேயே இருப்போம் என்று படையை நிறுத்திவிட்டார். பிளெட்சருக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் நிறுத்தினார் என்பதற்கு இன்றுவரை நல்ல விளக்கம் கிடையாது. ஹைதருக்கு அந்த ஓர் இரவு போதுமானதாக இருந்தது, பீரங்கிகளை வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

10-ஆம் தேதி விடிந்து நடக்கத் தொடங்கியதும் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் பீரங்கி, ஒரு பக்கம் குதிரைப்படை, இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் வேறு. நடுவில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, அதோடு கதை முடிந்தது. பிளெட்சர் அங்கேயே இறந்தார். பெய்லி பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1782-இல் சிறையிலேயே இறந்தார். இந்தியாவில் கம்பெனிப் படை அதுவரை அப்படி ஓர் அடி வாங்கியதில்லை.

மன்றோ இந்தச் சத்தத்தையெல்லாம் கேட்கும் தூரத்தில் இருந்தார். கொஞ்சம் முன்னால் வந்தும் பார்த்தார். அப்புறம் திரும்பிப் போய், கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கிவிட்டார். புள்ளலூரிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் வண்டியில் போகும்போது மகளிடம் கடிகாரத்தைக் கொடுத்து எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் இதுவரை படித்த எந்தப் பக்கமும் அந்தப் பயணம் அளவுக்கு என் மனதில் நிற்கவில்லை.

இன்னொன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1784-இல் திப்பு வரையவைத்த இந்தப் போரின் ஓவியம் இருக்கிறது. நடுவே பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பார், வெடிமருந்து வண்டி வெடிப்பதும் அதில் உண்டு. அதன் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள், வரப்பில் நின்று விரித்துப் பாருங்கள். இதே போரைக் காட்டும் தாள் ஓவியம் ஒன்று 2022-இல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. ஓவியத்துக்கு அவ்வளவு மதிப்பு, போர் நடந்த ஊரோ நமக்குத் தெரியவில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

காஞ்சிக்கு வடக்கே:

நான் அந்தப் பக்கத்து ஆள்தான், புள்ளலூரில் எங்களுக்கு உறவுக்காரர்கள் உண்டு. பழைய பாதை சார் எழுதியதைப் படித்ததில் ரொம்ப சந்தோஷம், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே இவ்வளவு தெரியாது.

தூண்களைப் பற்றி ஒரு திருத்தம் மாதிரி சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு கூம்புத் தூண்களும் பெய்லி ஆட்களுக்கு எழுப்பியவை அல்ல. அடுத்த வருஷம், 1781 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, கம்பெனித் தளபதி அயர் கூட் தலைமையில் அதே பூமியில் மறுபடியும் சண்டை நடந்தது. முந்தைய வருஷம் ஜெயித்த இடம் ராசியானது என்று ஹைதர் அங்கேயே நின்றார் என்பார்கள். அந்தச் சண்டையில் இறந்த கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப், கர்னல் ஜார்ஜ் பிரவுன் இருவருக்குமான நினைவுத் தூண்கள் அவை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1780-இல் செத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. பெய்லிக்கு அவர் சொந்தக்காரர் 1816-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் கட்டினார். அவரோடு நடந்த சிப்பாய்கள் நம் நாட்டு ஆட்கள், அவர்கள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அயர் கூட்டின் படை வந்தபோது முந்தைய வருஷத்து எலும்புகள் அந்த வயல்களிலேயே கிடந்தன என்று அந்தக் காலத்துக் குறிப்புகளில் இருக்கிறது. வரப்பில் நடக்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

சரி, போகிற விஷயம். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, டீ குடித்துவிட்டு, வெள்ளைக்காரர் சமாதித் தூண் எங்கே என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள். வயலுக்குள் இறங்குவதற்கு முன்னால் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நடவு நட்ட வயலில் வரப்பு வழுக்கும், தாத்தாவை இறக்க வேண்டாம், அவர் சாலையோரம் மரநிழலில் நாற்காலி போட்டு உட்காரட்டும், ஒரு மடக்கு நாற்காலி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் சாப்பாட்டுக்கு எதிர்பார்க்காதீர்கள், தண்ணீர் நிறையக் கொண்டுவாருங்கள், மதியச் சாப்பாடு காஞ்சிபுரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் வரவே வேண்டாம், நிழல் இல்லாத வெளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறு. தை, மாசி நல்ல மாதங்கள். ஆனால் அந்தப் போரை உணர வேண்டும் என்றால் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வாருங்கள். புழுக்கம், தூரத்தில் இடி, எப்போது வேண்டுமானாலும் மழை வரும் போல இருக்கும் வானம், எல்லாம் அதே மாதிரி இருக்கும். காலை எட்டு மணிக்குள் ஊருக்கு வந்துவிடுங்கள்.

என் பாட்டி ஏதாவது ரொம்பப் பழைய சாமானைப் பார்த்தால் 'ஐதர் காலத்துது' என்பாள். இப்போதும் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் இது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிழவிகள் ஐதர் கலாபம் என்று சொல்லும்போது குரல் மாறும். ஹைதரின் குதிரைப்படை கம்பெனிக்குத் தீனி கிடைக்கக் கூடாது என்று ஊர் ஊராகக் கொளுத்தியது, அதற்கப்புறம் பஞ்சம். திப்பு சுல்தான் வீரத்தை மட்டும் பிள்ளைக்குச் சொல்லாமல், நடுவில் மாட்டிக்கொண்ட குடியானவர்கள் பட்ட பாட்டையும் சொல்லுங்கள் சார்.

வந்தவாசி மருமகள்:

வந்தவாசியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், எனக்கு அது புகுந்த ஊர், அதனால் நியாயமாகச் சொல்ல முயல்கிறேன். 1760 ஜனவரி 22. பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி, கம்பெனி பக்கம் இதே அயர் கூட். லாலி கோட்டையை முற்றுகை போட்டிருந்தபோது கூட் வந்து தாக்கினார். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார், அடுத்த ஜனவரியில் பாண்டிச்சேரியே விழுந்தது. நாம் ஏன் பிரெஞ்சு படிக்காமல் இங்கிலீஷ் படிக்கிறோம் என்று பிள்ளை கேட்டால் பதிலில் பாதி வந்தவாசியில்தான் இருக்கிறது. அங்கேயும் ஒரு வெடிமருந்து வண்டிதான் சண்டையைத் திருப்பியது, பிரெஞ்சுக்காரர் காவல் நிலையில் நின்ற வண்டிமேல் குண்டு விழுந்து வெடித்தது. புள்ளலூரோடு ஒப்பிட்டுச் சொல்ல நல்ல விஷயம்.

ஆனால் கோட்டை என்று மனதில் செஞ்சியையோ வேலூரையோ நினைத்துக்கொண்டு வராதீர்கள். இடிபாடும் அகழியின் மிச்சமும்தான், சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது. சண்டை நடந்த வெளியைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். முதல் பயணத்துக்குப் புள்ளலூர்தான் மேல் என்பேன். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், நாங்கள் ஒருதடவை உறவுக்காரப் பிள்ளைகளோடு அப்படிச் செய்து, மதியத்துக்கு மேல் யாருக்கும் எதுவும் காதில் ஏறவில்லை.

கல்வெட்டுப் பித்தன்:

எல்லோரும் 1780-இலேயே நிற்கிறீர்கள், ஆனால் புள்ளலூர்ப் போர் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதற்கு ஆயிரத்து நூற்றைம்பது வருஷத்துக்கும் முந்தியது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முக்கியமான பகைவர்களை அழித்தான் என்று இரண்டாம் நந்திவர்மனின் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவர் யார் என்று அதில் பெயர் இல்லை, சாளுக்கியன் இரண்டாம் புலிகேசிதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். புலிகேசி பக்கத்து ஐஹொளே கல்வெட்டோ வேறு கதை சொல்கிறது: தன் படை கிளப்பிய தூசியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்துகொண்டானாம். இருவருமே ஜெயித்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வரலாறு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, இரண்டு வாசகங்களையும் எழுதிக்கொண்டு போய் அங்கே நின்று படிக்கவையுங்கள், யார் சொல்வது சரி என்று அவளே யோசிக்கட்டும்.

காஞ்சிக்கு வடக்கேயிருந்து வருகிற எந்தப் படையும் இந்தச் சமவெளியில்தான் தடுக்கப்பட வேண்டும், அதனால்தான் திரும்பத் திரும்ப இங்கேயே சண்டை. பக்கத்திலேயே தக்கோலம். 949-இல் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டது அங்கேதான். கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றதை ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. சோழர் சாசனங்கள் அவனை ஆனைமேல் துஞ்சினார் என்று குறிக்கின்றன. துஞ்சினார் என்ற சொல்லை மட்டும் நினைத்துப் பாருங்கள், தோற்றுச் செத்தவனைத் தூங்கினான் என்கிறார்கள். தக்கோலத்தில் ஜலநாதீஸ்வரர் கோயில் இருக்கிறது, சம்பந்தர் பாடிய திருவூறல், தாத்தாவுக்கும் அது பிடிக்கும், நடையும் குறைவு. பேரம்பாக்கம் பக்கம் வருவதால் கூவம் என்ற ஊரையும் எட்டிப் பார்க்கலாம், சென்னைக்குள் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் ஆற்றுக்குப் பெயர் கொடுத்த ஊர்.

மாலையில் காஞ்சிபுரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயிலைத் தவறவிடாதீர்கள். கட்டியவன் அதே நந்திவர்மன், காசக்குடிச் செப்பேடு கொடுத்தவன். பிராகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக வரிசையாக இருக்கிறது, யானையும் குதிரையும் மோதும் போர்க்காட்சிகளும் உண்டு. வெறும் வயலைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்தச் சுவர் விருந்து.

வேளச்சேரி அப்பா:

எல்லோருக்கும் நன்றி, போன ஞாயிறு போய் வந்துவிட்டோம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, திருவள்ளூரில் இட்லி சாப்பிட்டு, பேரம்பாக்கம் வழியாக எட்டு மணிக்குக் கொஞ்சம் மேல் புள்ளலூர். தக்கோலம் போக நேரம் இல்லை, கூவமும் அடுத்த தடவைதான்.

டீக்கடையில் கேட்டதும் ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே முன்னால் நடந்து வழி காட்டினார். தூணில் இருந்த ஆங்கில எழுத்துகளை மகள் கையால் தடவித் தடவிப் படித்தாள். ஓவியத்தின் அச்சுப்படத்தை விரித்ததும் அந்தப் பெரியவரும் குனிந்து பார்த்து, இதில் எது நம் ஊர் என்று கேட்டார், மகள் வெடிமருந்து வண்டியைக் காட்டி விளக்கினாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரோடு நெல் விலை, மழை என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டார்.

அப்புறம் நீங்கள் சொன்ன மாதிரி கடிகாரம். இடையில் ஆட்டு மந்தைக்காக நின்றதையும் சேர்த்துக் காஞ்சிபுரம் ஊர் எல்லை வர முப்பத்தைந்து நிமிஷம் என்றாள். நடந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டாள், நாலு மணி நேரம் ஆகலாம் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். பிறகு, அந்தச் சிப்பாய்களுக்குக் காஞ்சிபுரம் இவ்வளவு பக்கம் என்று தெரிந்திருக்குமா அப்பா என்று கேட்டாள். அவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து ஆட்களாக இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று பின்னாலிருந்து என் அப்பா சொன்னார்.

வைகுண்டப் பெருமாள் கோயிலில் நடை சாத்தியிருந்ததால் நாலு மணி வரை காத்திருந்துதான் பார்த்தோம். போகிறவர்கள் மதியத்தில் நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் இருந்த ஒவ்வொரு யானையையும் மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், பாதியில் வெளிச்சம் போய்விட்டது. மீதியை எண்ணத் தை மாதம் வர வேண்டும் என்கிறாள், அப்போது தக்கோலத்தையும் சேர்த்துக்கொள்கிறோம்.